புறப்படுமுன் புசிக்க வேண்டும்



நமது ஊழியர் ஆறு பேர் ஏழை நோயாளிகள் நிதிக்காக 200 கிலோமீட்டர் சைக்கிள் பயணம் செய்யப்போவதாகச் சென்ற இதழில் அறிவித்திருந்தோம். உங்களில் சிலர் கடிதம் எழுதினீர்கள். காணிக்கை தர மனமுள்ளவர்கள் தந்துவிடுகிறோம், பிள்ளைகளை ஏன் வெயிலில் வதைக்கிறீர்கள் என்பதே கேள்வி. நியாயமான கேள்விதான். பயிற்சிக்காக அவர்கள் மலையேறிய நாளைப்பற்றிச் சொன்னால் ஓரளவு பதில் கிடைக்கும் என்று நினைக்கிறோம்.

இவ்வகை நெடும்பயணத்துக்கு 'பிரெவே' என்று பெயர், பிரெஞ்சுச் சொல். இது பந்தயம் அல்ல. முதலாவது வந்தவருக்குப் பரிசு கிடையாது. 200 கிலோமீட்டரை பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். 300-க்கு 20 மணி, 600-க்கு 40 மணி. இதில் மிகப் பழையது பாரிஸிலிருந்து பிரெஸ்த் சென்று திரும்பும் 1200 கிலோமீட்டர் பயணம். 1891-ல் பந்தயமாகத் தொடங்கிய அது 2023-லும் நடந்தது. நம் நாட்டவரும் அதில் ஓட்டினார்கள். முக்கியமான விதி ஒன்று உண்டு: சோதனைச் சாவடிகளுக்கு இடையில் உதவி வண்டி பின்னால் வரக்கூடாது. டியூப் வெடித்தாலும் பசித்தாலும் அவரவரே பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆகையால்தான் பயிற்சி. முழுத் தூரத்தையும் முன்கூட்டியே ஓட்டிப்பார்க்கத் தேவையில்லை. இரண்டு மூன்று வாரங்களுக்கு முன் பாதிக்கு மேற்பட்ட தூரம் ஒருமுறை ஓட்டினால் போதும். பிறகு குறைத்துக்கொண்டே வரவேண்டும். தசை பலப்படுவது ஓட்டும்போது அல்ல, ஓய்வெடுக்கும்போதே.

லெந்து காலத்தில் ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் ஜெபித்துப் புறப்பட்டார்கள். யானை நடமாட்டமுள்ள காடு என்பதால் நன்றாக வெளுத்த பின்புதான் மலையடிக்குப் போகவிட்டோம். ஒரு மருத்துவரும் நாங்களும் வேனில் பின்தொடர்ந்தோம். ஒட்டன்சத்திரம் சந்தைக்கு வரும் காய்கறி லாரிகளுக்கு ஒதுங்கி வடகாடு வழியாக ஏறும் சாலை அது. கீழே பரப்பலாறு அணையின் தண்ணீர் தெரிகிறது. மேலே போகப்போக வாழையும் காப்பியும், நிழல் மரங்களில் சுற்றிய மிளகுக்கொடியும். 1845-ல் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டிய அமெரிக்க மிஷனெரிகள் சமவெளியின் காய்ச்சலுக்குத் தப்பி இந்த மலைத்தொடரில் ஏறினார்கள். நம் பிள்ளைகளோ களைத்துப்போவதற்கென்றே ஏறினார்கள்!

பாச்சலூருக்குச் சற்று முன்பு ஆய்வகத்தில் வேலை செய்யும் தம்பி சைக்கிளை ஓரமாகச் சாய்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். கை நடுங்கியது, குளிர்ந்த வேர்வை. "எங்கே போகிறோம் ஐயா?" என்று இரண்டு முறை கேட்டார். விரல் நுனியில் ஒரு துளி எடுத்துப் பார்த்தபோது சர்க்கரை மிகவும் இறங்கியிருந்தது. காலையில் என்ன சாப்பிட்டாய் என்று மருத்துவர் கேட்டதற்கு, "ஒன்றுமில்லை டாக்டர், லெந்து உபவாசம்" என்றார்.

முந்தின ஞாயிறு சிற்றாலயத்தில் உபவாசத்தைக்குறித்துப் பிரசங்கித்தது நாங்கள்தான். யார் எப்போது உபவாசிக்கலாகாது என்பதை அன்று சொல்லவில்லை.

நடந்ததை மருத்துவர் விளக்கினார். உடம்பு தசையிலும் ஈரலிலும் கிளைக்கோஜன் என்னும் மாவாகச் சர்க்கரையைச் சேமித்து வைக்கிறது. எல்லாம் சேர்ந்து சுமார் அரைக் கிலோதான். செங்குத்தான ஏற்றத்தில் அது இரண்டு மணி நேரம் தாங்கினால் பெரிது. இரவு முழுதும் சாப்பிடாதவருக்கு ஈரலின் பங்கு முன்னமே குறைந்திருக்கும். கொழுப்பு ஏராளம் உண்டு. ஆனால் அது மெதுவாகவே எரியும். மூளையோ சர்க்கரையையே நம்பியிருக்கிறது. அதனால்தான் வழி தெரிந்த பிள்ளைக்கு வழி மறந்தது. பசிக்குமுன் சாப்பிட வேண்டும்: மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து. இரண்டு விருப்பாச்சி மலைவாழைப்பழமும் ஒரு கடலைமிட்டாயும் ஏறக்குறைய அதைத் தந்துவிடும். வெறுந்தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டேயிருந்தால் இரத்தத்தில் உப்பு குறையும். வயிற்றுப்போக்குக் குழந்தைகளுக்கு நமது வார்டில் கொடுக்கும் அதே உப்புச் சர்க்கரைக் கரைசல்தான் இங்கேயும் மருந்து.

அந்தத் தம்பி கரைசலைக் குடித்து, பழம் சாப்பிட்டு, வேனில் அரைமணி நேரம் தூங்கினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எங்களுக்கு சூரைச்செடியின்கீழ் படுத்திருந்த எலியாவின் ஞாபகம் வந்தது. சாகிறேன் என்றவனைத் தேவதூதன் கடிந்துகொள்ளவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடி தூங்கவிட்டான், மறுபடியும் கொடுத்தான். ஓரேபுக்கு நாற்பது நாள் நடை அதற்குப் பின்புதான். எத்தனையோ முறை பிரசங்கித்த பகுதி. அந்த அடையின் அவசியம் அன்றுதான் எங்களுக்கு உறைத்தது.

மற்ற ஐவரும் தாண்டிக்குடி, பண்ணைக்காடு வழியாகப் பெருமாள்மலை சேர்ந்து, பழனிச் சாலையில் இறங்கினார்கள். ஏற்றத்தைவிட இறக்கமே ஆபத்து. பிரேக்கை விடாமல் பிடித்தால் சக்கர வளையம் சூடேறும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவில் கையைத் தளர்த்த வேண்டும். வேர்த்த உடம்பில் காற்று அடித்தால் விரல் மரத்து பிரேக் பிடிபடாது. அதற்குச் சட்டைக்குள் செய்தித்தாள் வைப்பது பழைய வழக்கம். வரதமாநதி அணை கண்ணில் பட்டபோதுதான் எங்களுக்கு மூச்சு வந்தது.

அன்று மாலை எங்கள் நர்ஸ் ஒருவர் சொன்னார்: "பாச்சலூரிலிருந்து வருகிற கர்ப்பிணியிடம், ஏன் இவ்வளவு நேரங்கழித்து வந்தாய் என்று இனி நான் கேட்கமாட்டேன் ஐயா." கடிதம் எழுதினவர்களுக்கு இதைவிட நல்ல பதிலை நாங்கள் எழுதியிருக்க முடியாது.

அடுத்த ஞாயிறே பிரசங்கத்தைத் திருத்திக்கொண்டோம். சர்க்கரை நோயாளிகள், கர்ப்பிணிகள், கடும் உழைப்பு உள்ள நாளில் உழைப்பவர்கள் உபவாசிக்க வேண்டாம் என்று தெளிவாகச் சொன்னோம். அந்தத் தம்பி சென்ற வாரம் பழனிவரை போய்த் திரும்பினார், பை நிறையப் பழத்தோடு. பயணம் ஈஸ்டருக்கு அடுத்த சனிக்கிழமை. அவர் போகலாமா என்பதை மருத்துவர் புதன்கிழமை பரிசோதித்துச் சொல்வார். ஆறு பேருக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள். கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் வீதம் தாங்க விரும்புகிறவர்கள் இத்துடன் உள்ள அட்டையில் பெயர் எழுதி அனுப்பலாம். பாதியில் நின்றவருக்கு, ஓட்டிய தூரத்துக்கு மட்டும் கொடுத்தால் போதும்.