ஏரி உடைந்தால் யார் பொறுப்பு?

ஒரு பழைய பிளாஸ்டிக் பாட்டிலை எடுங்கள். மேலே ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று என மூன்று ஓட்டை போட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். மேல் ஓட்டையில் மெதுவாக வழியும் தண்ணீர், அடி ஓட்டையில் சர்ரென்று பீறிடும். ஆழம் கூடக் கூட அழுத்தமும் கூடுகிறது.

பூந்தமல்லிக்குப் பக்கத்தில் இருக்கும் செம்பரம்பாக்கம் ஏரியின் முழு நீர்மட்டம் 24 அடி. 24 அடி ஆழத்தில் ஒவ்வொரு சதுர அடியையும் தண்ணீர் ஏறத்தாழ 680 கிலோ எடையோடு அழுத்தும். சதுர அடி அளவுள்ள ஒரே ஒரு தரைக்கல்லின் மேல் பத்துப் பெரியவர்கள் ஏறி நின்றால் எப்படி இருக்கும்! ஏரிக்கரையை மேலே ஒடுக்கமாகவும் அடியில் அகலமாகவும் நம் முன்னோர் கட்டியது இதனால்தான்.

கரைக்கு இன்னொரு காவல் உண்டு. அதன் பெயர் கலங்கல். ஏரி நிரம்பியதும் மிச்சத் தண்ணீர் இதன் வழியாக இறங்கிக் கீழே உள்ள ஏரிக்குப் போய்விடும். அம்பத்தூர் ஏரியின் உபரிநீர் கொரட்டூர் ஏரிக்குப் போவது இப்படித்தான். கலங்கல் அடைபட்டால் தண்ணீர் மண்கரையின் மேலேயே ஏறி வழியும், மண்ணை அரிக்கும். பிறகு கரை உடைய அதிக நேரம் ஆகாது.

அப்படி உடைந்து பக்கத்துக்காரரின் சொத்து பாழானால்? யாரும் திருடவில்லை, யாரையும் அடிக்கவில்லை. ஆனாலும் ஒருவருக்குப் பெரிய நஷ்டம். அதை யார் ஈடுகட்டுவது என்று பார்ப்பதுதான் தீங்கியல் சட்டம். குற்றவியல் வழக்கில் அரசு தண்டனை கேட்கும். இங்கே நஷ்டப்பட்டவரே வந்து இழப்பீடு கேட்பார்.

இங்கிலாந்தில் ரைலண்ட்ஸ் என்பவர் தன் ஆலைக்காக ஒரு நீர்த்தேக்கம் கட்டினார். அடியில் கைவிடப்பட்ட பழைய சுரங்கக் குழிகள் இருந்தது அவருக்குத் தெரியாது. 1860 டிசம்பரில் தண்ணீர் அவற்றின் வழியே இறங்கி, ஃபிளெட்சர் என்பவரின் நிலக்கரிச் சுரங்கத்தை மூழ்கடித்தது. 1868-ல் தீர்ப்பு வந்தது: வெளியேறினால் தீங்கு செய்யக்கூடிய ஒன்றைத் தன் நிலத்தில் கொண்டுவந்து வைப்பவரே அதற்குப் பொறுப்பு. அவர் தவறே செய்யாவிட்டாலும் பணம் கட்டத்தான் வேண்டும்.

அதே கேள்வி நம் பக்கமும் வந்தது. மதராஸ் ரயில்வே கம்பெனி 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா வரை முதல் ரயிலை விட்டது. அம்பத்தூரிலும் ஆவடியிலும் இன்று நாம் ஏறும் ரயில் ஓடுவது அந்தத் தடத்தில்தான். அந்தக் கம்பெனியின் பாதை ஒன்று கார்வேட்டிநகர் ஜமீன் வழியாகப் போனது. கார்வேட்டிநகர் ஊர் இன்று ஆந்திராவில் இருக்கிறது. அங்கே பெருமழையில் ஏரிகள் உடைந்து ரயில் பாதையை அடித்துக்கொண்டு போயின. ஜமீன்தார் பணம் தர வேண்டும் என்று கம்பெனி வழக்குப் போட்டது. ரைலண்ட்ஸ் தீர்ப்பு கையில் இருக்கும்போது வேறென்ன வேண்டும்?

வழக்கு அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் ப்ரிவி கவுன்சில் வரை போனது. 1874-ல் கம்பெனி தோற்றது! ரைலண்ட்ஸின் நீர்த்தேக்கம் அவர் சொந்த லாபத்துக்கானது. இந்த ஏரிகளோ மிகப் பழமையானவை. ஏராளமான மக்கள் உயிர்வாழ்வதே அவற்றை நம்பித்தான். அவற்றைப் பராமரிப்பது ஜமீன்தாரின் கடமை. ஆகவே அவர் கவனக்குறைவாக இருந்தாரா என்று மட்டும் பார்த்தார்கள். இல்லை என்று தெரிந்ததும் விட்டுவிட்டார்கள். லண்டனில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு நம் ஏரியின் அருமை புரிந்ததே என்று இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறையும்.

ஆனால் இந்தச் சலுகை எல்லாருக்கும் கிடையாது. 1985-ல் டெல்லித் தொழிற்சாலை ஒன்றில் ஓலியம் வாயு கசிந்தது. ஆபத்தான தொழில் நடத்துபவர் எவ்வளவு கவனமாக இருந்தாலும் முழுப் பொறுப்பு அவருடையதே என்று உச்ச நீதிமன்றம் 1986-ல் சொல்லிவிட்டது.

சரி, ஏரியில் கவனம் என்றால் என்ன? ஐப்பசி மழைக்கு முன்பே கலங்கலில் மண்டிய புதரை வெட்டுவது, கரையில் எலி தோண்டிய வளையை அடைப்பது. இன்னொன்றும் உண்டு. ஏரி நிரம்பியிருக்கும்போது கரையின் வெளிப்பக்க அடியில் தண்ணீர் கசியும். அதை ஒரு கண்ணாடித் தம்ளரில் பிடித்துப் பார்ப்பார்கள். தெளிவாக இருந்தால் உடனே பயமில்லை, தொடர்ந்து கவனித்து வரலாம். செம்மண் நிறமாகக் கலங்கி வந்தால் கரைக்குள் மண் கரைந்துகொண்டிருக்கிறது. அன்று ராத்திரியே மணல் மூட்டையோடு ஆட்கள் வந்தாக வேண்டும்.