எக்ஸ்ரேயில் தெரியாத முள்

சேலம் அம்மாபேட்டைப் பக்கத்தில் முள் குத்தினால் யாரும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுவதில்லை. ஊக்கால் கிளறிப் பார்ப்பார்கள். வராவிட்டால் எருக்கம்பால் வைப்பார்கள். பத்து நாள் கழித்து வீங்கிச் சீழ் கோத்த பிறகுதான் டாக்டர் ஞாபகம் வரும். எக்ஸ்ரே எடுத்தால், "உள்ளே ஒண்ணும் இல்லீங்க" என்று பதில் வரும். மாத்திரை சாப்பிடும்வரை வீக்கம் வடியும், நிறுத்தினால் திரும்ப வரும்.

இதில் எக்ஸ்ரே மேல் குற்றமில்லை. தன்னைத் தடுக்கிற பொருளைத்தான் அது காட்டும். இரும்பும் கல்லும் கதிரை நன்றாகத் தடுப்பதால் படத்தில் வெளுப்பாக விழுகின்றன. சீமைக்கருவேல முள், மூங்கில் சிராய், ஈர்க்கு, பிளாஸ்டிக் இவையெல்லாம் ஏறக்குறைய சதை அளவுக்கே கதிரை விடுகின்றன. அதனால் சதையோடு கலந்து மறைந்துவிடும். கண்ணாடியும் தெரியாது என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு. கண்ணுக்கு ஊடுருவித் தெரிகிற கண்ணாடி, சதையைவிட இரண்டு மடங்குக்கு மேல் அடர்த்தியானது. 2 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட சில்லு பெரும்பாலும் எக்ஸ்ரேயில் சிக்கிவிடும்.

எக்ஸ்ரே வருவதற்கு முந்தைய நிலைமையை நினைத்தால் பயமாக இருக்கும். 1881 ஜூலையில் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டு சுடப்பட்டபோது, தொலைபேசி கண்ட கிரகாம் பெல் உலோகத்தைக் கண்டறியும் கருவி ஒன்றைக் கொண்டுவந்தார். குண்டு இருந்தது இடப்பக்கம். பொறுப்பு டாக்டரோ வலப்பக்கத்தை மட்டுமே தேடவிட்டார். போதாததற்கு, மெத்தையின் ஸ்பிரிங் கம்பிகள் வேறு கருவியைக் குழப்பின. கழுவாத விரல்கள் காயத்தைத் துழாவிக்கொண்டே இருக்க, செப்டம்பரில் கார்ஃபீல்டு இறந்தார். ராண்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டது 1895இல். 1897-98 திரா படையெடுப்பில், அன்றைய இந்தியாவின் வடமேற்கு எல்லை மலைகளுக்கே ராணுவ டாக்டர் பீவர் எக்ஸ்ரே கருவியைத் தூக்கிப்போய்க் குண்டுகளைத் தேடினார். சென்னைப் பொது மருத்துவமனையில் பர்னார்டு கதிரியக்க நிலையம் 1934இல் வந்தது.

முள்ளுக்கு ஏற்ற கருவி அல்ட்ராசவுண்ட். ஸ்கேன் என்றாலே நம் ஊரில் கர்ப்பம்தான் நினைவுக்கு வரும், ஆனால் அதே கருவி காலையும் கையையும் பார்க்கும். கிணற்றுக்குள் கூப்பிட்ட குரல் சுவரில் பட்டுத் திரும்புவதைப்போல, ஒலியலை முள்ளில் பட்டுத் திரும்பும். திரையில் முள் ஒரு வெண்கோடாகவும், அதற்குக் கீழே கருநிழலாகவும் தெரியும். ஓரிரு நாளில் முள்ளைச் சுற்றி அழற்சி கட்டும்போது கருவளையம் ஒன்று சேர்ந்துகொள்ளும், அடையாளம் இன்னும் எளிது. மேலாகப் பதிந்ததைப் பார்க்க 7 முதல் 15 மெகாஹெர்ட்ஸ் வரையிலான கருவிமுனை வேண்டும். விரலில் தொட்டாலே வலிக்கிறதென்றால் கையைத் தண்ணீர்ப் பாத்திரத்தில் வைத்து, கருவி தோலில் படாமலே பார்ப்பதும் உண்டு. ஒரு சிக்கல்: கருவில் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994 சட்டத்தின்படி ஸ்கேன் வைத்திருக்கும் இடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். ஆகவே தெருமுனைக் கிளினிக்கில் இதை எதிர்பார்க்க முடியாது. ஆழத்தில் இருந்தால் சி.டி. தேவைப்படலாம். அங்கேயும் புதிதாக இறங்கிய காய்ந்த மரத்துண்டு காற்றைப்போலக் கறுப்பாகத் தெரிந்து ஏமாற்றும்.

பட்டறைக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. கிரைண்டிங்கில் தெறித்த இரும்புத் துகள் கண்ணுக்குள் இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால், எம்.ஆர்.ஐ. அறைக்குள் போகுமுன் கட்டாயம் சொல்லிவிட வேண்டும். காந்தம் துகளை இழுக்கும். அப்படிப் பார்வை போன ஒருவரைப் பற்றி 1986இலேயே மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். இலங்கையில் போர்க்காலச் சன்னங்களை உடம்புக்குள் சுமந்து வாழ்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். எடுப்பதால் வரும் கேடு அதிகம் என்றால் டாக்டர்கள் சன்னத்தை உள்ளேயே விட்டுவிடுவதுண்டு.

சர்க்கரை உள்ளவர்களில் பலருக்குப் பாதம் மரத்திருக்கும், குத்தியதே தெரியாது. அவர்கள் தினமும் உள்ளங்காலைப் பார்த்துக்கொள்வது நல்லது. பெரிய கம்பியோ கட்டையோ செருகியிருந்தால் பிடுங்காமல் அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். எருக்கம்பால் கண்ணில் பட்டால் கருவிழி புண்ணாகும், அதை விட்டுவிடுங்கள். என்ன குத்தியது, எப்போது, முனை உடைந்ததா என்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள், உடைந்த மீதி இருந்தால் கையோடு எடுத்துப்போங்கள். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்ற பிறகும் வீக்கம் திரும்பி வந்தால், "குத்தினது முள்ளுங்க, ஸ்கேன் பார்க்கலாமா?" என்று தயங்காமல் கேளுங்கள்.