லாரிகளில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி

வேகக் கட்டுப்பாட்டுக் கருவி என்பது வாகனம் குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டாதவாறு எஞ்சினுக்குச் செல்லும் எரிபொருளைக் கட்டுப்படுத்தும் சாதனம் ஆகும். இது ஸ்பீடு கவர்னர் என்றும் அழைக்கப்படுகிறது. விபத்துகளைக் குறைப்பதற்காகக் கட்டாயமாக்கப்பட்ட இக்கருவி, லாரித் தொழிலின் பெருஞ்செலவான டீசலையும் மிச்சப்படுத்துகிறது.

செயல்படும் விதம்

வண்டியின் வேகத்தை ஓர் உணரி அளந்து மின்னணுக் கட்டுப்பாட்டகத்துக்கு அனுப்புகிறது. வேகம் வரம்பை எட்டியதும், ஓட்டுநர் ஆக்சிலேட்டரை எவ்வளவு அழுத்தினாலும் கூடுதல் டீசல் செல்லாது.

சட்டம்

ஐரோப்பிய ஒன்றியத்தில் 12 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்கு 1994 முதல் மணிக்கு 90 கி.மீ. வரம்பு நடைமுறையில் உள்ளது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 2009 முதல் 105 கி.மீ. வரம்பு உள்ளது. இந்தியாவில் மத்திய மோட்டார் வாகன விதிகளின் 118ஆம் விதிப்படி, 1.10.2015 முதல் தயாரிக்கப்படும் பெரும்பாலான சரக்கு வாகனங்களுக்கு 80 கி.மீ. வரம்பு உண்டு. டேங்கர், டிப்பர் லாரிகளுக்கு இது 60 கி.மீ. ஆகும்.

செலவும் பாதுகாப்பும்

காற்றுத் தடையும் இயக்க ஆற்றலும் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்கின்றன. வேகம் 80 கி.மீ.யிலிருந்து 100 கி.மீ. ஆனால் அதிகரிப்பு 25 விழுக்காடுதான். ஆனால் எஞ்சின் எதிர்கொள்ளும் காற்றுத் தடை சுமார் 56 விழுக்காடு கூடுகிறது. வண்டியை நிறுத்த பிரேக் ஏற்க வேண்டிய ஆற்றலும் அதே அளவு கூடுகிறது. இதற்கு ஈடாக, 400 கி.மீ. பயணத்தில் அதிகபட்சம் ஒரு மணி நேரமே மிச்சமாகும். எனினும் நடைக் கணக்கில் கூலி பெறும் ஓட்டுநர்களுக்கு அந்த நேரமும் வருமானமே. அதனால் கருவியின் இணைப்பைத் துண்டித்து ஓட்டுவதும் உண்டு.

இறக்கங்களில் உள்ள குறை

இக்கருவி எரிபொருளை மட்டுமே குறைக்கும், பிரேக் போடாது. எனவே இறக்கத்தில் ஈர்ப்பு விசையால் கூடும் வேகத்தை இதனால் தடுக்க முடியாது. பெங்களூரு–சேலம் நெடுஞ்சாலையில் உள்ள தொப்பூர் கணவாய் லாரி விபத்துகள் அடிக்கடி நிகழும் இறக்கமாகும்.

டீசலை மிச்சப்படுத்த இறக்கங்களில் நியூட்ரலில் இறங்கும் பழக்கம் சில ஓட்டுநர்களிடம் உள்ளது. அப்போது எஞ்சினின் இழுவைத் தடை கிடைக்காமல், முழுச் சுமையும் பிரேக்கின் மீது விழுகிறது. தொடர்ந்து அழுத்தப்படும் பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கிறது. இதில் டீசலும் மிச்சமாவதில்லை. மின்னணு எரிபொருள் அமைப்புள்ள எஞ்சின்களில், கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரை விட்டால் டீசல் செல்வது நின்றுவிடும். நியூட்ரலில் எஞ்சின் அணையாமல் இருக்கவே டீசல் தேவைப்படும். ஆகவே குறைந்த கியரில் இறங்குவதே பாதுகாப்பானதும் சிக்கனமானதும் ஆகும்.