இணையவழிப் பாடமும் அதை விற்கும் இடமும்



2001ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் நிகழ்ந்த இரண்டு நிகழ்ச்சிகளை முதற்கண் நினைவூட்ட விரும்புகிறேன். அம்மாதம் 17ஆம் நாள் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தோற்றுவிக்கப்பட்டது. எந்த நாட்டில், எந்த மாநிலத்தில் வாழும் தமிழரும் தம் மொழியை வீட்டிலிருந்தவாறே கணிப்பொறி வழியாகக் கற்கலாம் என்பது அதன் நோக்கம். அதே மாதம் 28ஆம் நாள் கோலார் தங்கவயலில் பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் சுரங்கங்கள் மூடப்பட்டன. 1880ஆம் ஆண்டு முதல் ஜான் டெய்லர் கம்பெனியாராலும், பின்னர் மைசூர் அரசாலும், அதன்பின் மத்திய அரசாலும் நடத்தப்பட்டு, மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் வரை சென்ற சுரங்கங்கள் அவை.

அச்சுரங்கத்தில் பணியாற்றியவர்களுள் என் தந்தையாரும் ஒருவர். வட ஆற்காடு, சேலம், சித்தூர் முதலிய பகுதிகளிலிருந்து மூன்று நான்கு தலைமுறைகளுக்கு முன்னர் அங்குக் குடியேறிய குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. சுரங்கம் மூடிய அன்று எங்கள் குடும்பத்துக்கு ஓர் உண்மை தெளிவாயிற்று. வேலை கம்பெனியினுடையது, குடியிருந்த லைன் வீடும் கம்பெனியினுடையது, எங்களுடையது என்று சொல்லிக்கொள்ள மிஞ்சியது கைத்தொழில் ஒன்றே. இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் பொருளுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. அது போகப் போக விளங்கும்.

என் தமக்கையார் இன்றும் ஆண்டர்சன்பேட்டையில் வசிக்கிறார். இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தையல் வேலை செய்து வருபவர். அக்கம்பக்கத்துப் பெண்கள் பலருக்கு ரவிக்கை வெட்டவும் தைக்கவும் கற்றுக்கொடுத்தவர். அவருடைய மகன், அவ்வூர் இளைஞர்கள் பலரையும் போல, விடியுமுன் எழுந்து ரயில் ஏறி, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புகிறான். சென்ற ஆண்டு நான் விடுமுறையில் ஊருக்குச் சென்றிருந்தபோது அக்கா என்னிடம் கேட்டார்: "தம்பி, நான் துணி வெட்டுவதைப் படம் பிடித்து, பாடமாக்கி விற்கலாம் என்கிறார்களே, எங்கே விற்பது? பையன் சேர்த்து வைத்திருக்கும் பணத்தைத் தருகிறேன் என்கிறான். எந்த இடத்தை நம்புவது என்று நீ சொல்."

தங்கை மகளின் திருமணத்துக்கென்று சேர்த்த பணம் அது. தவறான இடத்தில் போட்டால் திரும்பி வாராது. ஆகவே அவசரப்பட்டு விடை சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. சில வாரங்கள் விசாரித்து நான் அறிந்துகொண்டவற்றையே இங்குக் கூறுகிறேன். தில்லியிலும் மும்பையிலும் பெங்களூரிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் சமையலோ, இசையோ, கணக்கோ, தமிழ் எழுத்தோ கற்றுக்கொடுக்கவல்லவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இது பயன்படக்கூடும்.

தொலைவிலிருந்து கற்பிப்பது நமக்குப் புதிதன்று. 1962ஆம் ஆண்டிலேயே தில்லிப் பல்கலைக்கழகம் தபால்வழிக் கல்வியைத் தொடங்கிவிட்டது. அன்று பாடத்தை அனுப்பியது பல்கலைக்கழகம்; கொண்டு சேர்த்தது தபால் இலாகா. இன்று தனி மனிதர் ஒருவர் தம் கைப்பேசியில் பாடத்தைப் பதிவு செய்து நாடெங்கும் விற்க முடிகிறது. அவ்வாறு விற்பதற்கு மூன்று வகையான இடங்கள் உள்ளன.

முதலாவது சந்தை வகை. இராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் தானாகவே வருகிறது. நாம் கூடையை இறக்கி வைத்தால் போதும். ஆனால் பக்கத்திலேயே அதே காய் விற்பவர் பத்துப் பேர் இருப்பார்கள். 2010இல் தொடங்கப்பட்ட யூடெமி என்னும் தளம் இவ்வகையைச் சேர்ந்தது. குறைந்தது ஐந்து பாடங்களும், மொத்தம் அரை மணி நேரப் படமும் இருந்தால் அங்கே பாடத்தை வைக்கலாம். வைப்பதற்குக் கட்டணம் இல்லை. ஆசிரியர் தாமே அனுப்பிய இணைப்பின் வழியாக மாணவர் வந்தால், வரி முதலியவை போக நூற்றுக்கு 97 ரூபாய் ஆசிரியருக்கு. சந்தையே தேடிக் கொண்டுவந்த மாணவர் என்றால் நூற்றுக்கு 37 ரூபாய்தான். சேர்ந்த மாணவர் 30 நாட்களுக்குள் பணத்தைத் திரும்பக் கேட்கவும் உரிமை உண்டு. விலையைச் சந்தை அடிக்கடி தள்ளுபடி செய்யும் என்பதையும் மறக்கலாகாது.

இங்கே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அத்தளத்தில் மாதச் சந்தா கட்டிப் பல பாடங்களைப் பார்க்கும் முறையும் உள்ளது. அச்சந்தா வருமானத்தில் ஆசிரியர்களுக்கென ஒதுக்கப்படும் பங்கு, பார்க்கப்பட்ட நிமிடங்களின்படி பிரிக்கப்படுகிறது. அப்பங்கு 2023இல் நூற்றுக்கு 25ஆக இருந்தது. 2024இல் 20 என்றும், 2025இல் 17.5 என்றும், 2026இல் 15 என்றும் குறைக்கப்படுவதாக அறிவிக்கப்பட்டது. சந்தையின் சட்டத்தை எழுதுபவர் சந்தைக்காரரே. அதை மாற்றும் உரிமையும் அவருடையதே.

இரண்டாவது வாடகைக் கடை வகை. டீச்சபிள், திங்கிஃபிக், நம் நாட்டின் கிராஃபி போன்றவை இதைச் சார்ந்தவை. மாதந்தோறும் அல்லது ஆண்டுதோறும் கட்டணம் செலுத்தினால் நம் பெயர்ப் பலகையோடு ஒரு கடை கிடைக்கும். விலையை நாமே வைக்கலாம். மாணவர் பெயர்ப் பட்டியல் நம்மிடம் இருக்கும். ஆனால் தெருவில் போவோர் வருவோர் இல்லை. மாணவரை நாமே அழைத்துவர வேண்டும். ஒருவரும் வாராவிட்டாலும் வாடகை நிற்காது.

மூன்றாவது நம் வீட்டுத் திண்ணை வகை. யூடியூபில் சில பாடங்களை இலவசமாக வெளியிட்டு, விரும்பி வருபவர்களை வாட்ஸப் குழுவில் சேர்த்து, கட்டணத்தை யூபிஐ வழியாகப் பெற்றுக்கொண்டு, குறித்த நேரத்தில் நேரடியாகக் காணொளி வகுப்பு நடத்துவது. இதற்குச் செலவு மிகக் குறைவு; உழைப்பு மிகுதி. யூடியூபிலிருந்தே விளம்பர வருமானம் வரும் என்று எண்ணித் தொடங்குவோர் ஒன்றை அறிய வேண்டும். 1,000 சந்தாதாரர்களும், ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையும் சேர்வது போன்ற எல்லையைத் தாண்டிய பின்னரே அவ்வருமானத்தில் பங்கு கிடைக்கும். ஆகவே அதை மாணவர் நம்மை அறியும் வாயிலாகக் கொள்வதே நலம்.

இனி ஒரு கணக்கைப் பார்ப்போம். பாடத்தின் விலை 500 ரூபாய் என்றும், வாடகைக் கடைக்கு மாதம் 3,000 ரூபாய் என்றும், பணம் பெறும் செலவு நூற்றுக்கு 2 ரூபாய் என்றும் உதாரணமாக வைத்துக்கொள்வோம். சந்தை கொண்டுவரும் ஒவ்வொரு மாணவராலும் நமக்கு 185 ரூபாய் கிடைக்கும். வாடகைக் கடையில் ஒருவரிடமிருந்து 490 ரூபாய் கிடைக்கும். ஆனால் ஆண்டு வாடகை 36,000 ரூபாயைக் கழிக்க வேண்டும். ஓராண்டில் 100 மாணவர் வந்தால் சந்தையில் 18,500 ரூபாய். கடையில் 13,000 ரூபாய். 200 மாணவர் வந்தால் சந்தையில் 37,000 ரூபாய். கடையில் 62,000 ரூபாய். 119ஆவது மாணவரிடத்தில்தான் கடை சந்தையை முந்துகிறது. அந்த 119 பேரையும் கடைக்கு நாமே அழைத்துவர வேண்டும் என்பது வேறு. ஆகவே, "எது சிறந்த இடம்?" என்று கேட்பதற்கு முன், "ஓராண்டில் எத்தனை பேரை என்னால் அழைத்துவர முடியும்?" என்று கேட்டுக்கொள்வது முறையாகும். விடை பத்து இருபது என்றால் வாடகைக் கடை இப்போதைக்கு வேண்டாம்.

கணக்கு மட்டும் போதாது என்பதை என் நண்பர் ஒருவருடைய அனுபவத்தால் அறிந்தேன். ஓய்வு பெற்ற ஆசிரியராகிய அவர், வெளிமாநிலத்தில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்பிக்கும் பாடங்களை அரும்பாடுபட்டுத் தயாரித்தார். ஒரு நிறுவனத்தின் தளத்தில் அவற்றை வைத்தார்; மாணவரும் சேர்ந்தனர். ஒருநாள் அந்நிறுவனம் தன் தளத்தை மூடப்போவதாக ஒரு மின்னஞ்சல் வந்தது. மாணவர்களின் பெயரோ முகவரியோ அவரிடம் இல்லை, கேட்டும் கிடைக்கவில்லை. மூலப் பதிவுகளில் பாதியைத் தம் கணிப்பொறியிலிருந்து முன்பே அழித்துவிட்டிருந்தார். அவர் அதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது எனக்கு 2001ஆம் ஆண்டும் லைன் வீடும் நினைவுக்கு வந்தன. இடம் பிறருடையதாக இருப்பதில் தவறில்லை. நம்முடையது எது என்பதை முன்கூட்டியே பிரித்து வைத்துக்கொள்ளாததே தவறு.

ஆகவே எந்தத் தளத்தில் சேருமுன்னும் ஐந்து கேள்விகளுக்கு விடை தேட வேண்டும். ஒன்று, மாணவர் பெயரும் முகவரியும் நமக்குக் கிடைக்குமா? இரண்டு, அதே பாடத்தை வேறிடத்திலும் விற்க உரிமை உண்டா, அல்லது அவர்களிடமே கட்டுப்பட வேண்டுமா? மூன்று, பணம் எத்தனை நாளில், எந்த நாணயத்தில், எந்த வழியாக வரும்? வெளிநாட்டு நிறுவனமாயின் நாணய மாற்றுச் செலவும் உண்டு. நான்கு, மலிவான கைப்பேசியிலும் மெதுவான இணைப்பிலும் பாடம் தடங்கலின்றி ஓடுமா? இதை அறிய, இலவசமாகத் தரும் மாதிரிப் பாடம் ஒன்றை நம் வீட்டுக் கைப்பேசியிலேயே ஓட்டிப் பார்க்கலாம். ஐந்து, நாம் விலகினாலோ, அவர்கள் மூடினாலோ என்ன நடக்கும்? இவற்றுக்கான விடைகள் ஒப்பந்தத்தில் இருக்கும். அது பெரும்பாலும் ஆங்கிலத்தில், நீண்ட வாக்கியங்களில் இருக்கும். வீட்டில் படித்த பிள்ளை எவரேனும் இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்து வாக்கியம் வாக்கியமாகக் கேட்டுத் தெரிந்துகொள்வதில் வெட்கமில்லை.

தமிழில் பாடம் நடத்துவோர்க்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். பாடத்தின் தலைப்பில் நாம் விரும்பும் சொல்லை வைப்பதை விட, தேடுபவர் தட்டச்சிடும் சொல்லை வைக்க வேண்டும். என் தமக்கையார் பேச்சில் "ரவிக்கை" என்பார். தேடுகிறவர்களோ "பிளவுஸ் கட்டிங்" என்றே தேடுகிறார்கள். இரண்டும் தலைப்பில் இருக்கட்டும். மேலும், 2017இல் மத்திய அரசு தொடங்கிய ஸ்வயம் தளத்தில் கல்லூரிப் பாடங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அங்கே கிடைப்பதை நாம் விலைக்கு விற்க முயல்வது வீண். கையைப் பிடித்துக் காட்டுவது போன்ற தொழில் நுணுக்கமும், பிழையைத் திருத்தித் தரும் கவனமும்தான் நாம் விலை கேட்கத் தகுந்தவை.

சட்டத்தைப் பற்றியும் இரண்டொரு சொற்கள். சேவை தருவோரின் ஆண்டு மொத்த வரவு 20 இலட்சம் ரூபாயைத் தாண்டினால், பெரும்பாலான மாநிலங்களில் சரக்கு சேவை வரிக்குப் பதிவு செய்துகொள்ள வேண்டும். அதன்பின் இத்தகைய பாடத்துக்கு நூற்றுக்கு 18 வரி உண்டு. தொடக்கத்தில் இது நம்மில் பலரைத் தொடாது. எனினும் முதல் ரூபாயிலிருந்தே வரவு செலவை எழுதி வைப்பது நல்லது. என்னைப் போன்ற மத்திய அரசு ஊழியர்களோ, 1964ஆம் ஆண்டின் நடத்தை விதிகளின்படி, முன் அனுமதியின்றித் தனித்தொழிலில் ஈடுபடலாகாது. விற்குமுன் அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுக்கொள்ளுங்கள்.

என் தமக்கையாருக்கு நான் கூறிய விடை இதுதான்: "அக்கா, பையனின் பணத்தை இப்போது தொட வேண்டாம். முதலில் நான்கு பாடங்களை யூடியூபில் போடுங்கள். கேட்டு வருபவர்களில் பத்துப் பேரைச் சேர்த்து நேரடி வகுப்பு நடத்துங்கள்."

அவர் அவ்வாறே செய்தார். மகன் ஞாயிற்றுக்கிழமைகளில் கைப்பேசியைப் பிடித்துப் படமெடுத்தான். முதல் தடவை ஏழு பேர்தான் சேர்ந்தனர். அவர்களில் இருவர் புனேயில் வாழும் தமிழ்ப் பெண்கள், ஒருவர் கன்னடப் பெண். தங்கவயலில் வளர்ந்தவராதலால் அக்காவுக்குக் கன்னடத்தில் விளக்குவதில் தடையிருக்கவில்லை. கைத்துளை வளைவை எவ்வளவு இறக்கி வெட்டுவது என்ற இடத்தில் எழுவரும் ஒரே சந்தேகத்தைக் கேட்டார்களாம். அந்தப் பகுதியை மட்டும் அவர் மீண்டும் மெதுவாகப் படம் பிடித்தார். நேரடி வகுப்பு நடத்தாமல் பாடத்தை நேராகச் சந்தையில் வைத்திருந்தால் அக்குறை அவருக்குத் தெரிந்திருக்காது. இப்போது நான்காவது வகுப்பு நடந்துகொண்டிருக்கிறது. பதிவுப் பாடத்தைச் சந்தைத் தளம் ஒன்றில் வைத்துப் பார்ப்பது அடுத்த படி; 119 என்ற எண் கண்ணுக்கெட்டும் போது வாடகைக் கடையைப் பற்றிப் பேசுவோம்.

மூலப் பதிவுகள் இரண்டு வட்டுக்களில் உள்ளன. ஒன்று ஆண்டர்சன்பேட்டையில், ஒன்று தில்லியில் என்னிடம். மாணவர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும், அளவெடுக்கும் பழைய நோட்டுப் புத்தகத்தின் பின்பக்கங்களில் அக்காவின் கையெழுத்தில் இருக்கின்றன. எந்தத் தளம் மூடினாலும் அந்த நோட்டு அவரிடம் இருக்கும்.