7 கிலோவுக்குள் கேமராவும் லேப்டாப்பும்: விமானத்துக்கு எந்த பேக் வாங்கணும்?

நெய்வேலி டவுன்ஷிப்பில் இருந்து கல்யாண ஆர்டருக்காக பெங்களூரு, ஹைதராபாத் போகும் போட்டோகிராபர்களா நீங்கள்? 2024 டிசம்பர் 20 முதல் புதுச்சேரியில் இருந்து இந்த இரண்டு ஊர்களுக்கும் இண்டிகோ விமானம் இயக்கத் தொடங்கியது. அதனால் சுமார் 200 கி.மீ. தள்ளி இருக்கும் சென்னை வரை அலைய வேண்டியதில்லை. ஆனால் ஏர்போர்ட் தராசில் பேக்கை வைக்கும்போதுதான் பிரச்னையே ஆரம்பிக்கும். பேக் வாங்கும் முன் என்னென்ன பார்க்கணும்?

விதி என்ன?

இண்டிகோவில் ஒருவருக்கு ஒரு கைப்பை. எடை 7 கிலோ வரை, அளவு 55 x 35 x 25 செ.மீ. இதோடு 3 கிலோ வரை ஒரு சின்ன லேப்டாப் பை கொண்டு போகலாம். மற்ற நிறுவனங்களில் அளவு கொஞ்சம் மாறும். டிக்கெட் போடும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

7 கிலோ போதுமா?

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். சோனி ஏ7 மார்க் 4 கேமரா இரண்டு, சுமார் 1.3 கிலோ. 24-70 ஜி.எம். 2 லென்ஸ் 0.7 கிலோ, 70-200 ஜி.எம். 2 லென்ஸ் 1 கிலோவுக்கு மேல். ஃபிளாஷ் அரை கிலோ. பேட்டரி, சார்ஜர், கார்டு எல்லாம் சேர்த்து இன்னொரு அரை கிலோ. ஆக 4 கிலோ. இதில் சார்ஜரோடு லேப்டாப்பையும் வைத்தால் 6 கிலோவைத் தாண்டிவிடும். பேக்கின் சொந்த எடைக்கு மிச்சம் ஒரு கிலோ கூட இல்லை!

அதனால் கடையில் 'எத்தனை லிட்டர்?' என்று கேட்கும் முன், 'காலி பேக் எவ்வளவு எடை?' என்று கேளுங்கள். கெட்டியான குஷன் வைத்த பெரிய கேமரா பேக் சில 2 கிலோவைத் தாண்டும். ஒன்றரை கிலோவுக்குள் இருந்தால் நல்லது. லேப்டாப்பைத் தனியாக எடுத்து மாட்டிக்கொள்ள ஒரு மெல்லிய பையும் கூடவே வேண்டும். அப்போதுதான் அந்த 3 கிலோ சலுகை உங்களுக்குப் பயன்படும்.

வேறு என்ன பார்க்கணும்?

* புதுச்சேரிக்கு வருவது ஏ.டி.ஆர். ரக சின்ன விமானம். தலைக்கு மேல் இருக்கும் லாக்கரும் சின்னதுதான். உப்பலான பேக்கைத் தவிர்த்துவிடுங்கள்.
* செக்யூரிட்டியில் லேப்டாப், கேமரா எல்லாவற்றையும் ட்ரேயில் எடுத்து வைக்கச் சொல்வார்கள். முழுசாகத் திறக்கும் ஜிப் இருந்தால் வேலை சீக்கிரம் முடியும்.
* லேப்டாப் அறை பேக்கின் அடி வரை போகக் கூடாது. கீழே கொஞ்சம் இடைவெளி இருந்தால்தான் பேக்கைத் தரையில் வைக்கும்போது லேப்டாப்புக்கு அடி படாது.
* ஐப்பசி, கார்த்திகையில் கடலூர் மாவட்ட மழை தெரியும்தானே? ரெயின் கவர் கட்டாயம்.
* ட்ரைபாட், லைட் ஸ்டாண்டை செக்-இன் லக்கேஜில் போட்டுவிடுங்கள்.

பேட்டரி எங்கே வைக்கணும்?

கழற்றி வைத்த லித்தியம் பேட்டரியும் பவர் பேங்கும் செக்-இன் லக்கேஜில் போகவே கூடாது. 100 வாட்-ஹவர் வரை கையில் கொண்டு போகலாம். 100 முதல் 160 வரை என்றால் நிறுவனத்தின் அனுமதி வேண்டும். 20,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் சுமார் 74 வாட்-ஹவர்தான், பயப்பட வேண்டாம். ஆனால் அதை மேல் லாக்கரில் போடாமல் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். 2025 ஜனவரி 28-ல் தென்கொரியாவின் பூசானில் ஏர் பூசான் விமானம் தீப்பிடித்து எரிந்ததற்கு, லாக்கரில் இருந்த பவர் பேங்க்தான் காரணமாக இருக்கலாம் என்று விசாரணையில் சொல்லப்பட்டது.

'பேக்கைக் கீழே போடணும்' என்று சொன்னால்?

கடைசி நேரத்தில் இடமில்லை என்று பேக்கைக் கேட்கலாம். கொடுக்கும் முன் பேட்டரி, பவர் பேங்க், மெமரி கார்டு மூன்றையும் எடுத்துவிடுங்கள். இதற்காகவே இவற்றை ஒரு சின்ன பவுச்சில் போட்டு, மேல் ஜிப்பிலேயே வைத்திருப்பது நல்லது.

திரும்பி வரும்போது இன்னொரு விஷயம். கார்டு ஒரு பையில், அதன் காப்பி இருக்கும் லேப்டாப் இன்னொரு பையில் என்று பிரித்து வையுங்கள். கேமரா போனால் இன்னொன்று வாங்கலாம். தாலி கட்டிய அந்த நிமிஷத்தை மறுபடியும் எடுக்க முடியுமா?