முக்கோணியின் சுற்றளவும் பக்கங்களும்

கேத்திரகணிதம் பயிலத் தொடங்கும் மாணவன் எதிர்ப்படும் நேர்கோட்டுருவங்களுள் மிக எளியது முக்கோணி. அதன் மூன்று பக்கங்களின் நீளங்களையும் கூட்டினால் வருவது சுற்றளவு. இதனினும் இலகுவான கணக்கு வேறில்லை எனத் தோன்றும். ஆயினும் சுற்றளவைக் கொண்டே இடத்தின் பரப்பையும் மதிக்கலாம் என்னும் மயக்கம் மக்களிடையே நெடுங்காலம் நிலவியது.

கி. மு. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் இம்மயக்கத்தை எடுத்துக் காட்டியுள்ளார். 48 இஸ்தாதியம் சுற்றளவுடைய ஸ்பார்ட்டா, 50 இஸ்தாதியம் சுற்றளவுடைய மெகலோபோலிஸ் நகரிலும் இருமடங்கு பெரிது என்றால் பலர் நம்பார் என்பது அவர் கூற்று. இளமையிற் கற்ற கேத்திரகணிதத்தை மறந்தமையே இதற்குக் காரணம் என்கிறார் அவர். கி. பி. 5ஆம் நூற்றாண்டினரான புரோக்கிளஸ், இம்மறதியைப் பயன்படுத்தி வஞ்சித்தோரையும் குறிப்பிடுகின்றார். நிலம் பங்கிடும்போது அவர்கள் நெடிய சுற்றளவும் குறைந்த பரப்பும் உடைய நிலத்தைப் பிறர்க்கு ஈந்து, குறுகிய சுற்றளவும் மிகுந்த பரப்பும் உடையதைத் தாம் கொண்டனர். அதனால் நேர்மையாளர் என்ற பெயரையும் பெற்றனர்.

இவ்வஞ்சனை எவ்வாறு நிகழ்ந்தது என்பதை அறிய, முதலில் பக்கங்களின் இயல்பை அறிதல் வேண்டும். ஒரு முக்கோணியின் எந்த இரு பக்கங்களின் கூட்டுத்தொகையும் மூன்றாம் பக்கத்திலும் பெரிது என்பது யூக்கிளிட்டின் முதற் புத்தகத்து 20ஆம் தேற்றம். ஒரு மூலையில் நிற்கும் கழுதையும் மறு மூலையிலுள்ள புல்லை நோக்கி ஒரு பக்க வழியே நேராகச் செல்லுமேயன்றி, மற்றை இரு பக்கங்களையும் சுற்றிச் செல்லாது. கழுதையும் அறிந்ததற்கு நிறுவல் எதற்கு என எப்பிக்கூரியர் எள்ளினர். புலனுக்குத் தெளிவான ஒன்று ஏன் அவ்வாறு அமைகின்றது எனக் காட்டுவதே அறிவியலின் கடன் என்பது அதற்குப் புரோக்கிளஸ் இறுத்த விடை.

1150ஆம் ஆண்டளவில் பாஸ்கரர் இயற்றிய லீலாவதியிலும் இவ்வுண்மை இடம்பெறுகின்றது. 3, 6, 9 என்னும் பக்கங்களையுடைய முக்கோணியைக் கேட்பவன் இல்லாத உருவத்தைக் கேட்கின்றான் என்பது அந்நூலின் கருத்து. அந்நீளங்களையுடைய நேரான கோல்களை வைத்துப் பார்த்தால் உண்மை தானே விளங்கும்.

இத்தேற்றத்தைச் சுற்றளவோடு இணைத்தால் பயனுள்ள விதியொன்று பிறக்கும். பக்கங்கள் அ, ஆ, இ எனவும் அரைச்சுற்றளவு ச எனவும் கொள்க. அ என்பது ஆ + இ என்பதிலும் சிறிது. இருபுறமும் அ என்பதைக் கூட்டினால், 2அ என்பது முழுச் சுற்றளவிலும் சிறிதாகும். எனவே அ என்பது ச என்பதிலும் சிறிது. மற்றைப் பக்கங்களுக்கும் இவ்வாறே. ஆதலின், முக்கோணியின் எப்பக்கமும் அரைச்சுற்றளவிலும் குறைந்ததாகவே இருத்தல் வேண்டும்.

12 அடி நீளமுள்ள கயிறொன்றை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். 12 என்னும் எண்ணை மூன்று முழுவெண்களாகப் பிரிக்க 12 வழிகள் உள. ஆனால் எப்பக்கமும் 6 அடியிலும் குறைதல் வேண்டுமாதலின், 5, 5, 2. 5, 4, 3. 4, 4, 4 என்னும் மூன்று பிரிவுகளே முக்கோணி ஆகும். எஞ்சிய ஒன்பதும் வெறும் எண்களே.

இம்மூன்றின் பரப்பைக் காண்பதற்கு அலெக்சாந்திரியா நகரத்து ஹீரோனின் சூத்திரம் உதவும். கி. பி. 1ஆம் நூற்றாண்டில் அவர் இயற்றிய அளவை நூலில் அதன் நிறுவல் உள்ளது. ச, (ச − அ), (ச − ஆ), (ச − இ) என்னும் நான்கையும் பெருக்கி வர்க்கமூலம் கண்டால் பரப்பு வரும். அவர் காட்டிய 13, 14, 15 என்னும் முக்கோணியில் ச = 21; 21 × 8 × 7 × 6 = 7056; பரப்பு 84.

இவ்வழியே கணித்தால், 5, 5, 2 என்னும் முக்கோணியின் பரப்பு √24, அதாவது ஏறக்குறைய 4.90 சதுர அடி; 5, 4, 3 என்பதன் பரப்பு 6; 4, 4, 4 என்பதன் பரப்பு √48, அதாவது ஏறக்குறைய 6.93. கயிறு ஒன்றே, பரப்போ மூன்று. சமபக்க முக்கோணியே மிகுந்த பரப்பைத் தருதற்கும் காரணம் உண்டு. (ச − அ), (ச − ஆ), (ச − இ) என்பவற்றின் கூட்டுத்தொகை எப்பொழுதும் ச ஆகும். கூட்டுத்தொகை மாறாத மூன்று நேரெண்களின் பெருக்கம், அவை சமமாகும்போதே உச்சமடையும்.

புரோக்கிளஸ் கூறிய வஞ்சனையின் சூழ்ச்சி இப்பொழுது வெளிப்படும். 6, 6, 2 என்னும் நிலத்தின் சுற்றளவு 14. பரப்போ √35, அதாவது 6 சதுர அடிக்கும் குறைவு. 7, 7, 2 என்பதன் சுற்றளவு 16; பரப்பு √48. நான்கு அடி மிகுதியான வேலி அடைத்தவனும், 4, 4, 4 என்னும் நிலத்தை உடையவனிலும் ஓர் அங்குலமேனும் மிகுதியாகப் பெற்றானல்லன்.

மாணவர்க்கு இதனின்று கொள்ளத்தக்க எச்சரிக்கையும் உண்டு. 4, 5, 10 என்னும் பக்கங்கள் தரப்பட்டவுடன் கூட்டிச் சுற்றளவு 19 என எழுதுவது எளிது. ஆனால் அரைச்சுற்றளவு 9.5, ஒரு பக்கம் அதனை விஞ்சிவிட்டது. ஹீரோனின் சூத்திரத்திற் பிரதியிட்டால் வர்க்கமூலக் குறியினுள் மறையெண் நிற்கும். சூத்திரமே, அத்தகைய முக்கோணி இல்லை என்று உரைக்கின்றது. உருவம் உண்டோ என முதலில் ஆராய்ந்து, பின்னரே அளவைக் கணிப்பது கணிதத்தின் ஒழுங்கு. அவ்வொழுங்கைப் பழகியவனை, நிலம் பங்கிடும் இடத்திலும் எளிதில் ஏமாற்றுதல் இயலாது.