கன்றுக்குட்டி அளவில் ஒரு நாய்

கிரேட் டேன் நாய் வளர்க்கும் வீட்டை அடையாளம் காண்பது சுலபம். டீப்பாய் மேல் ஒரு பொருளும் இராது. காபி டம்ளரை வைத்தால், எஜமானரைக் கண்ட மகிழ்ச்சியில் நாய் வீசும் வால் அதை மூலைக்கு அனுப்பிவிடும். சாட்டை போன்ற அந்த வால் சுவரில் மோதி நுனி கிழிவதும் உண்டு. கூடமெங்கும் இரத்தத்துளி தெறித்திருக்கும். நாயோ ஆட்டுவதை நிறுத்தாது. கட்டுப் போட்டாலும் நிலைக்காது.

ஜெர்மனியில் காட்டுப்பன்றி வேட்டைக்கென உருவாக்கப்பட்ட இனம் இது. ஆண் நாயின் தோள் உயரம் இரண்டரை அடிக்குக் குறையாது. எடை 50 கிலோவைத் தாண்டும். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் 2014-ல் இறந்த ஜீயஸ் என்ற நாய் 44 அங்குல உயரம் இருந்தது.

இத்தனை பெரிய உடம்புக்குத் தான் பெரியது என்ற நினைப்பே கிடையாது. மடியில் ஏறப் பார்க்கும். நிற்பவர் மீது சாய்ந்துகொள்ளும். அன்பினால்தான், ஆனாலும் வயதானவர்கள் தூணருகே நிற்பது உத்தமம். சமையல் மேடை அதன் மூக்குக்கு நேராக இருப்பதால் தாவ வேண்டிய சிரமமும் இல்லை. போகிற போக்கில் நாலு இட்லி போய்விடும்.

குட்டி கிடுகிடுவென்று வளருகிறதே என்று பூரித்து, கால்சியம் மருந்தை அள்ளிக் கொடுப்பது தவறு. மூட்டும் எலும்பும் கோணிப் போகலாம்.

நெஞ்சு ஆழமான இந்நாய்களை அச்சுறுத்தும் பெரிய ஆபத்து வேறு. இரைப்பையில் காற்று நிரம்பி, அது முறுக்கிக்கொள்வதுண்டு. வயிறு மத்தளமாக உப்பும். வாந்தி எடுக்க முயலும், எதுவும் வராது. எச்சில் ஒழுக, நிலைகொள்ளாமல் அலையும். ஓமத் தண்ணீரெல்லாம் இதற்கு உதவாது. சில மணி நேரத்தில் உயிரே போய்விடுமாதலால், விடியட்டும் என்று காத்திராமல் கால்நடை மருத்துவரிடம் சேர்த்தாக வேண்டும். தீனியை ஒரே வேளையாக வைக்காமல் இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுப்பதும், தின்றவுடன் ஓட விடாதிருப்பதும் நல்லது.

அவசரத்தில் தூக்குவதும் எளிதல்ல. கெட்டியான போர்வையில் கிடத்தி, நான்கு முனைகளையும் நான்கு பேர் பிடிக்க வேண்டும். இரவில் அழைத்தாலும் வரக்கூடிய ஆட்டோக்காரர் ஒருவரிடம் முன்கூட்டியே பேசி வைக்கலாம். ஆனால் நாயை ஒருமுறை நேரில் காட்டிவிட்டுப் பேசுவது நல்லது.